அட்டோர்வாவா, ரோசுவாவா?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு முன்பே கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். பாதிச் சீட்டில் ஒரே கேள்விதான். “எனக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எழுதியிருக்கிறார்கள், எதிர் வீட்டுக்காரருக்கு ரோசுவாஸ்டாட்டின். எது நல்லது?” சில்வர் பீச்சில் நடக்கும்போதும், சிதம்பரம் தேர் வீதிகளில் நடக்கும்போதும் இதே பேச்சுதான். அதனால் இதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. அதற்குத் தேவையான ஒரு நொதியைக் கல்லீரலில் தடுப்பதுதான் ஸ்டாட்டினின் வேலை. அப்போது கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை, அதாவது எல்.டி.எல்.லை, இழுத்துக்கொள்கிறது. 1973-ல் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் நான் சொன்ன இரண்டும்தான்.

“எனக்கு 20, அவருக்கு 10தான், என் நோய்தான் பெரிசு” என்று கணக்குப் போடாதீர்கள். ரோசுவா மில்லிகிராமுக்கு மில்லிகிராம் வீரியம் கூடியது. ரோசுவா 10-ம் அட்டோர்வா 20-ம் ஏறக்குறைய ஒன்றுதான். அட்டோர்வா 40 அல்லது ரோசுவா 20 எடுத்தால் எல்.டி.எல். பாதியளவு இறங்கும். அளவை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாக இறங்குவது சுமார் 6 சதவீதம் மட்டுமே.

சரி, நீண்ட நாளில் இதயத்தை எது நன்றாகக் காக்கிறது? தென் கொரியாவில் இதய ரத்தக்குழாய் நோயுள்ள 4,400 பேரை 3 ஆண்டுகள் கவனித்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் எல்லாம் சேர்த்து ரோசுவா குழுவில் 8.7 சதவீதம், அட்டோர்வா குழுவில் 8.2. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ரோசுவாவில் எல்.டி.எல். கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. ஆனால் புதிதாகச் சுகர் மாத்திரை தேவைப்பட்டவர்கள் அதில் 7.2 சதவீதம், அட்டோர்வாவில் 5.3. கண்புரை அறுவையும் ரோசுவாவில் சற்று அதிகம். இதைக் கேட்டுவிட்டு ரோசுவா சாப்பிடுபவர்கள் நாளைக்கே மாற்றச் சொல்லிக் கிளம்ப வேண்டாம். சுகர் எல்லையில் இருப்பவர்கள் மட்டும் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள், போதும்.

தேர்வு பெரும்பாலும் உங்கள் உடம்பைப் பொறுத்தது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ரோசுவா அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். அட்டோர்வாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரோசுவா போட்டால் நெஞ்செரிச்சல் சிரப்புக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அட்டோர்வா சாப்பிடுபவர்கள், சளிக்கு டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதினால் உடனே சொல்லிவிடுங்கள். இரண்டையுமே காலையோ இரவோ, மறக்காத நேரத்தில் போடலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ரிப்போர்ட்டில் அளவு இறங்கியதும் “சரியாகிவிட்டது” என்று நிறுத்திவிடுகிறீர்கள். இறங்கியது மாத்திரையால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்துவது ஆபத்து. இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் சொன்ன இலக்கு, மாரடைப்பு வந்தவர்களைப் போன்ற மிக அதிக ஆபத்துள்ளோருக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே. ஆபத்து குறைந்தவர்களுக்கு 100-க்குக் கீழே. ஆக, லேப் தாளில் “நார்மல்” என்று அச்சடித்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

“கால் வலிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன்” என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு லண்டனில் சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முடிவு 2020-ல் வந்தது. நிஜ மாத்திரையில் வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது! வலி பொய் என்று சொல்லவில்லை. காரணம் பெரும்பாலும் மருந்தல்ல. ஆனால் தசை மிகவும் சோர்ந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், முன்பு ராஜா முத்தையா என்றிருந்து இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையிலும் அட்டோர்வாவுக்குக் காசு இல்லை. முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை குறைவு. 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் 14 மாத்திரைகளில் 8 இந்த அட்டோர்வாதான்.

இனி உங்கள் கேள்விகள். எழுந்து கேட்பவர்கள் மாத்திரை அட்டையையும் கடைசி ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.