இ.சி.ஜி. எடுத்தாச்சு, முடிவு என்ன?

நீங்க சென்னையில இருக்கீங்க. கெங்குவார்பட்டியில அப்பாவுக்கு நெஞ்சுவலி. இ.சி.ஜி. போட்டோ வாட்ஸ்அப்ல வருது. மேல 'அப்நார்மல்'னு மெஷின் அச்சடிச்சிருக்கு. அது முடிவு இல்லைங்க.

இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகள்ல எஸ்.டி. பகுதி மேலேறி, ஏ.வி.எல்.லில் கீழிறங்கியிருந்தா டாக்டர் சொல்லவேண்டியது இதுதான்: "இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. அடைப்பை உடனே திறக்கணும்."

முதல் இ.சி.ஜி. நார்மல், ஆனா வலி நிக்கலையா? "இதுல தெரியல, 15 நிமிஷத்துல மறுபடி எடுப்போம்." இதுவும் தெளிவான முடிவுதான்.

2023-ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரைகள் கிடைக்கும். அதோட நின்னுடக் கூடாது.

போன்ல "ரிப்போர்ட் எப்படி?"ன்னு கேக்காதீங்க. "மாரடைப்பா, இல்லையா? இப்ப என்ன செய்யணும்?"னு கேளுங்க. பதில் மழுப்பலா இருந்தா, 108-ல தேனி மெடிக்கல் காலேஜுக்குக் கிளம்பச் சொல்லுங்க.