தீக்காயப் பிரிவுக்கு நம் பிள்ளைகள்



2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. பெருந்தீக்காயம் பட்டவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ஏற்றவேண்டிய திரவத்தில் பாதியை முதல் 8 மணிக்குள் ஏற்றவேண்டும். அந்த 8 மணி ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, தீப்பட்ட கணத்திலேயே தொடங்குகிறது. சிவகாசியிலிருந்து மதுரையோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆகவே, “எத்தனை மணிக்குத் தீப்பட்டது?” என்று முதலில் கேட்கத் தெரிந்த நர்சுகள் இங்கேயே வேண்டும்.

நம் பிள்ளைகள் நர்சிங் முடித்ததும் வெளிநாட்டு விசா தேடுகிறார்கள். குறை சொல்லவில்லை; வீட்டுக் கடன் அப்படி! ஆயினும் பி.எஸ்ஸி. நர்சிங்கும் ஓராண்டு பணி அனுபவமும் உள்ளோர்க்குத் தீவிர சிகிச்சையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. விருப்பமுள்ள பெற்றோர், ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுங்கள்.