நூலுக்கு இட்ட பூட்டு



கணினியிலும் கைப்பேசியிலும் படிக்கும் நூல்களைப் பிறர் படியெடுக்காவண்ணம் மின்னணுப் பூட்டு இடுகின்றனர். எவராலும் உடைக்கவியலாத பூட்டு ஒன்றைச் செய்ய முடியுமா என்று நம் மாணவர்கள் வினவுகின்றனர்.

முடியாது என்றே கருதுகின்றோம். திருவரங்கத்து இராமானுசர் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து, எவருக்கும் உரைப்பதில்லை என வாக்களித்து மறைபொருளைக் கேட்டறிந்தார். பின்பு ஊரறியக் கூறிவிட்டார் என்பது வைணவ மரபு. (அக்கூட்டத்தில் நம் முன்னோர் நிற்க இடமிருந்ததா என்பது வேறு கேள்வி. ஆலயப் பிரவேசச் சட்டத்திற்கு நாம் 1947 வரை காத்திருந்தோம்.) அம்மறையை வெளியிட்டவர் ஒட்டுக்கேட்டவர் அல்லர், உரிமையோடு பெற்றவரே.

இரகசியக் கடிதத்தில் எழுதுவோரும் பெறுவோரும் ஒரு பக்கம், பகைவன் மறுபக்கம்; அங்கே நல்ல சங்கேத முறை நிலைக்கும். விற்கப்படும் நூலிலோ, வாங்குவோனே படியெடுக்கக் கூடியவன். அவன் படிக்க வேண்டுமாயின் திறவுகோல் அவன் கருவிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். டிவிடி தகடுகளுக்கு இட்ட பூட்டு 1999இல் திறக்கப்பட்டது. திறக்கும் வழியை வெளியிட்டோருள் ஒருவன் நார்வே நாட்டின் 15 வயதுச் சிறுவன். வழக்கில் அவன் 2003இல் விடுதலையானான். பூட்டை எத்துணை வலுப்படுத்தினும், திரையில் தெரிவதை மற்றொரு கருவியால் படம்பிடிப்பதை அது தடுக்குமா?

பூட்டு வீண் என்று சொல்லோம். அது காலம் கடத்தும். எழுத்தும் உழைப்பே. கூலி மறுக்கப்பட்ட நாம் பிறர் கூலியைப் பறித்தல் தகாது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை என்கிறது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். அதே திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் படியெடுக்கவும் வழி செய்தது. பாடத்திற்கு வேண்டிய பகுதிகளை மாணவர்க்காக ஒளிநகல் எடுத்துத் தொகுப்பது குற்றமன்று எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் கூறியது. பூட்டுக்கு இவை தெரியா. கள்வனையும், நூலைக் கணினி உரக்கப் படிக்கக் கேட்க விழையும் பார்வையற்ற மாணவியையும் அது ஒன்றாகவே நிறுத்துகிறது. கள்வன் வேறு வழி கண்டுகொள்வான். அவளோ வாசலிலேயே நிற்பாள்.

நம் நூலகத்து அச்சு நூல் ஒன்று உறையூரிலிருந்து திருவரங்கம் வரை இருபது கைகள் மாறும். பூட்டிய மின்னூல் ஒரு கைப்பேசியோடு நின்றுவிடும். ஆகவே மின்னூல் வாங்குமுன், அதனை எத்தனை பேர் இரவல் பெறலாம், உரக்கப் படிக்க வைக்கலாமா, கணக்கு முடிந்தபின் நூல் நம்மிடம் தங்குமா என்று விற்போரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகின்றோம்.