அடைப்பு எவ்வளவு? ரத்தம் ஓடுகிறதா?



நெஞ்சு வலிக்கு சி.டி. ஆஞ்சியோ எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் ‘60 சதவீத அடைப்பு’ன்னு வருது. வீடே பதறிப் போகுது. ஆனால் அடைப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பது வேறு கேள்வி. ஒரே அளவு அடைப்பு உள்ள இரண்டு பேரில் ஒருத்தருக்கு மாத்திரையே போதும், இன்னொருத்தருக்கு ஸ்டென்ட் தேவைப்படலாம்.

இதை அறிய, கை அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியை இதயக் குழாய்க்குள் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் அதைத் தாண்டியும் அழுத்தத்தை அளப்பார்கள். தாண்டிய இடத்தின் அழுத்தம், முன்னால் உள்ளதில் 0.80 பங்கோ அதற்குக் கீழோ இருந்தால் ரத்த ஓட்டம் தடைபடுது என்று அர்த்தம்.

கம்பி இல்லாமல் முடியுமா? முடியும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு அந்நாட்டு எஃப்.டி.ஏ. 2014-ல் அனுமதி தந்தது. இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2017-ல் இதைப் பரிந்துரைத்தது.

எப்படிச் செய்றாங்க? நிபுணர்கள் குழாயின் ஓரங்களைக் குறித்துக் கொடுத்த ஏராளமான ஸ்கேன்களைப் பார்த்து கணினி பழகுகிறது. இதுதான் டீப் லேர்னிங். பிறகு உங்கள் ஸ்கேனில், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை அதுவே பிரித்தெடுத்து, உங்களுக்கே உரிய முப்பரிமாண மாதிரியை உருவாக்கும். பயிற்சி பெற்றவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். அதன்பின் அந்த மாதிரிக்குள் ரத்தம் எப்படி ஓடும் என்று கணக்கிடுவார்கள்.

ஆனால் ஸ்கேன் தெளிவாக இல்லைன்னா மாதிரியும் சரியா வராது. உடல் அசைந்தாலோ, இதயம் வேகமாகத் துடித்தாலோ, குழாயில் சுண்ணாம்புப் படிவு அதிகம் இருந்தாலோ ஓரம் மங்கிவிடும். முடிவைச் சொல்ல வேண்டியவர் எப்போதும் மருத்துவரே.

இந்த வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. ஆனாலும் நீங்க செய்யக்கூடியது மூன்று.

1. சிறுநீரகக் கோளாறு, மருந்து அலர்ஜி இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிடுங்க.

2. மூச்சைப் பிடிக்கச் சொல்லும்போது அசையாதீங்க.

3. ஃபிலிமை மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்னு நினைக்காதீங்க. அந்தப் போட்டோவிலிருந்து மாதிரி உருவாக்க முடியாது. முழு ஸ்கேனும் உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வையுங்க. வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் அதுதான் உதவும்.

திடீரென நெஞ்சு வலி வந்தால் மட்டும் ஸ்கேனைத் தேடாதீங்க. உடனே 108-ஐ அழையுங்கள்.