வாசலில் நிற்பவர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து இடம்பெற்ற ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



கல்லூரியை நிறுவியவர்களையும் கட்டியெழுப்பியவர்களையும் இன்று காலை வழிபாட்டில் நன்றியோடு நினைவுகூர்ந்தோம். இந்த வேளையில், வேதாகமத்தில் நாம் பெரும்பாலும் நின்று பாராமல் கடந்துபோகும் ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சிந்திப்போம். அவர்கள் எருசலேம் ஆலயத்தின் வாசல்காவலாளர்.

ஞாயிறு பாடசாலைப் பிள்ளையிடம் ஓர் ஆசாரியரின் பெயரைக் கேட்டால் ஆரோன் என்று சொல்லும். ஆலயப் பாடகரைக் கேட்டால் ஆசாப் என்று சொல்லக்கூடும். வாசல்காவலாளர் ஒருவரின் பெயரைக் கேட்டால் பெரியவர்களே சற்று யோசிக்க வேண்டிவரும். ஆனால் அவர்களுடைய பெயர்கள் எழுதப்படாமல் போகவில்லை. 1 நாளாகமம் 9ஆம் அதிகாரத்தில் சல்லூம், அக்கூப், தல்மோன், அகிமான் என்ற நால்வரும், 26ஆம் அதிகாரத்தில் மெஷெலேமியா, ஓபேத்ஏதோம், ஓசா ஆகியோரின் குடும்பங்களும் வரிசையாக இடம்பெறுகின்றன. பெயர்ப்பட்டியல்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் வாசித்தால், அங்கே ஒரு பெரிய ஒழுங்கு தெரியும்.

எந்தக் குடும்பம் எந்த வாசலில் நிற்பது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். பெரிய குடும்பம், சிறிய குடும்பம் என்ற வேறுபாடு அங்கே இல்லை. கிழக்கு வாசல் செலேமியா என்றும் அழைக்கப்படும் மெஷெலேமியாவுக்கு விழுந்தது. வடக்கு வாசல், நல்ல ஆலோசனை சொல்லும் விவேகி என்று பெயரெடுத்த அவருடைய மகன் சகரியாவுக்கு. தெற்கு வாசல் ஓபேத்ஏதோமுக்கு. களஞ்சிய அறைகள் அவருடைய பிள்ளைகளுக்கு. மேற்குப் பக்கம் சுப்பீமுக்கும் ஓசாவுக்கும். நாளொன்றுக்குக் கிழக்கே 6 பேர், வடக்கே 4 பேர், தெற்கே 4 பேர், களஞ்சியங்களில் இரண்டிரண்டாக 4 பேர், மேற்கே 6 பேர். கூட்டிப் பார்த்தால் 24 இடங்கள். அந்த இருபத்துநான்கில் ஒன்றுகூட வெறுமையாய் இருக்கக்கூடாது.

இவர்கள் எல்லோரும் எருசலேமில் குடியிருந்தவர்களா? இல்லை. 9ஆம் அதிகாரம் 212 பேரைக் கணக்கிடுகிறது. அவர்கள் தத்தம் கிராமங்களில் பதியப்பட்டவர்கள். தலைமைக் காவலாளர் நால்வர் நிரந்தரமாக ஆலயத்தைச் சூழத் தங்கி, இரவில் காத்து, காலைதோறும் கதவைத் திறந்தார்கள். கிராமங்களில் இருந்த சகோதரர் தங்கள் முறை வரும்போது வந்து, ஏழு நாள் அவர்களோடு நின்று பணிசெய்து திரும்பினார்கள். தூரத்தில் இருந்தவனுடைய பெயரும் அதே பதிவேட்டில்தான் இருந்தது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் நம் தோழியர் இதைக் கேட்டால் மகிழ்வார்கள். எல்லோரும் எப்போதும் வாசலில் நிற்க முடியாது. ஊரில் இருக்கும் ஒரு சிலர்தான் நாள்தோறும் கதவைத் திறக்கிறார்கள். மற்றவர்களுக்கு முறை உண்டு. முறை வரும்போது வருவதும், வந்த வாரத்தில் விருந்தாளியாக இராமல் பணியாளாக இருப்பதும் அவர்கள் பங்கு. அதேபோல, தூரத்தில் இருப்பவள் அந்நியமாகிவிட்டாள் என்று ஊரில் இருப்பவர்கள் எண்ணவும் வேண்டியதில்லை.

அடுத்ததாக, அவர்களுடைய வேலை என்ன? கதவைத் திறந்து மூடுவது மட்டும் என்று எண்ணலாம். அதுவே இலேசான வேலையல்ல. ஏரோது கட்டிய ஆலயத்தின் கிழக்குப் பித்தளைக் கதவை மூட 20 பேர் வேண்டியிருந்தது என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். அதற்கு மேலும் வேலை இருந்தது. அறைகளும் பொக்கிஷங்களும் தலைமைக் காவலாளரின் பொறுப்பில் இருந்தன. வழிபாட்டுப் பாத்திரங்கள் எண்ணி வெளியே எடுக்கப்பட்டு, எண்ணி உள்ளே வைக்கப்பட்டன. மாவு, திராட்சரசம், எண்ணெய், சாம்பிராணி எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் இருந்தார்கள். யோசியா அரசன் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது, தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்கப்பட்ட பணம் வாசல்காவலாளர் மக்களிடமிருந்து சேர்த்த பணமே. எசேக்கியா காலத்தில் கிழக்கு வாசலைக் காத்த கோரே என்பவரிடம் காணிக்கைகளைப் பங்கிடும் பொறுப்பு இருந்தது; பெரியவர், சிறியவர் என்று பாராமல் பங்கிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பாத்திரத்தை எண்ணுவதும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. நம் சங்கத்தின் பொருளாளராக இருந்து, ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்தி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை வாசித்த அக்காமாரை இந்த இடத்தில் நினைக்கிறோம். கணக்கு வாசிக்கும்போது கூட்டத்தில் கொஞ்சம் கொட்டாவி வருவது இயல்பு. ஆனால் நூறு ஆண்டுகள் ஒரு சங்கம் நிலைப்பதற்கு, எண்ணி எடுத்து எண்ணி வைத்தவர்கள் இருந்தே ஆகவேண்டும்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூல், பிற்கால ஆலயத்தின் இரவைப் பற்றி ஒரு செய்தி தருகிறது. ஆலயத்தின் திறப்புகள் ஒரு சலவைக்கல்லின் கீழ் சங்கிலியில் தொங்கின. நேரம் வந்ததும் கல்லைத் தூக்கித் திறப்புகளை எடுப்பார்கள். ஆசாரியர் உள்ளிருந்து பூட்டுவார். லேவியர் வெளியே படுத்திருப்பார். காவல் அதிகாரி தீவட்டியோடு சுற்றி வந்து, நிற்பவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், நடுவே பூட்டிய கதவு. இருவரும் சேர்ந்தால்தான் காவல் முழுமை. கல்லூரிக்குள் பணிசெய்யும் அதிபரும் ஆசிரியைகளும், வெளியே நிற்கும் நாமும் அப்படித்தான். வெளியே நிற்பவர் உள்ளே புகுந்து ஆசாரியரின் வேலையைச் செய்யப் பார்க்கக்கூடாது. அதற்காகத் தூங்கிவிடவும் கூடாது.

இனி, சற்றுக் கடினமான பகுதிக்கு வருகிறோம். கதவு திறப்பதற்கு மட்டுமல்ல, மூடுவதற்கும் உரியது. தீட்டுள்ளவர் எவரும் நுழையாதபடி யோய்தா என்ற ஆசாரியர் வாசல்களில் காவலாளரை நிறுத்தினார் என்று 2 நாளாகமம் சொல்கிறது. அப்படியானால், யாரை விடுவது, யாரை நிறுத்துவது? 15ஆம், 24ஆம் சங்கீதங்கள் இந்தக் கேள்வியை எழுப்புகின்றன. ஆலயத்துக்குள் செல்லுமுன் வாசலில் கேட்கப்பட்ட கேள்வியும் பதிலுமாக இவை அமைந்தன என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அங்கே சொல்லப்படும் தகுதிகளைக் கவனியுங்கள். உண்மை பேசுதல், அயலாரைப் பற்றிப் புறங்கூறாமை, நட்டம் வந்தாலும் கொடுத்த வாக்கைக் காத்தல், வட்டி வாங்காமை, குற்றமற்றவருக்கு எதிராகக் கைக்கூலி பெறாமை, சுத்தமான கைகள். அந்தப் பட்டியலில் தகப்பன் யார் என்ற கேள்வி இல்லை. எவ்வளவு கொண்டுவந்தாய் என்ற கேள்வியும் இல்லை.

தோழியரே, நம் கல்லூரி வாசலிலும் ஒவ்வோர் ஆண்டும் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளோடு தாய்மார் வந்து நிற்கிறார்கள். அவர்களில் சிலர் பழைய மாணவிகள். பழைய மாணவியின் மகள் என்ற சொல் சில வேளைகளில் ஒரு கதவைத் திறக்கும். அதில் மகிழ்ச்சி அடைவது தவறல்ல. ஆனால் அந்த வரிசையில், தன் குடும்பத்தில் முதன்முதலாக இந்தப் படியை மிதிக்கப்போகும் பிள்ளையும் நிற்கிறாள். நம்முடைய பாட்டிமாரில் பலர் அப்படி முதன்முதலாக வந்தவர்களே. அன்று வாசலில் நின்றவர்கள் அவர்களிடம் வேறு கேள்வி கேட்டிருந்தால், இன்று நாம் இந்த மண்டபத்தில் இருந்திருக்க மாட்டோம். வாசலில் நிற்பவருக்கு உரிய சோதனை இதுதான்: கதவு தனக்குச் சொந்தம் என்று எண்ணிவிடுவது. ஆலயத்தின் காவலாளர் ஒருவருக்கும் ஆலயம் சொந்தமாக இருக்கவில்லை.

இந்தச் சோதனையை நன்கு அறிந்த குடும்பம் ஒன்று அவர்களுக்குள் இருந்தது. மெஷெலேமியாவின் குடும்பம் கோராகின் வழிவந்தது. எண்ணாகமம் 16இல் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பி, ஆசாரியரின் இடத்தையும் விரும்பிய கோராகு அவன். அவன் அழிந்தான், அவனுடைய பிள்ளைகள் சாகவில்லை என்று 26ஆம் அதிகாரம் ஒரு சிறு வசனத்தில் சொல்லிப் போகிறது. பிள்ளைகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வாசற்படி. அதை அவர்கள் தண்டனையாக எண்ணியதாகத் தெரியவில்லை. வாசலில் இருப்பதையே பெரும் பேறாகப் பாடும் 84ஆம் சங்கீதம் கோராகு புத்திரரின் பெயரோடுதான் நமக்கு வந்திருக்கிறது.

பெண்களாகிய நாம் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஆலயம் கட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் பணிசெய்த பெண்களைப் பற்றி யாத்திராகமம் 38 கூறுகிறது. அவர்களுடைய வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டே ஆசாரியர் கைகால் கழுவும் தொட்டி செய்யப்பட்டது. அவர்கள் பணியைக் குறிக்கும் எபிரெயச் சொல், லேவியரின் கூடாரப் பணிக்கும் பயன்படும் சொல். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்கள் கொடுத்த பொருளில் கைகழுவாமல் எந்த ஆசாரியரும் பலிபீடத்தை அணுகியிருக்க முடியாது.

வாசலில் நிற்பவருக்கு யார் உணவு கொடுப்பது? யோசியா கொண்டாடிய பெரிய பஸ்காவின்போது வாசல்காவலாளர் தங்கள் இடத்தைவிட்டு அகல வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய சகோதரராகிய லேவியர் அவர்களுக்காகவும் ஆயத்தம் செய்தார்கள். நெகேமியாவின் நாளிலோ லேவியருக்கும் பாடகருக்கும் உரிய பங்கு கொடுபடவில்லை. அவர்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று நெகேமியா தலைவர்களைக் கடிந்துகொண்டார். இன்று மதியம் நாம் விருந்துண்ணும்போது, வெளியே வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்கும் காவற்கார ஐயாவுக்கும், நேற்றிரவு வரை மண்டபத்தைக் கூட்டித் துடைத்த அம்மாமாருக்கும் சாப்பாடு முதலில் போயிற்றா என்று பார்ப்பது நம் வேலை. அவர்களுடைய சம்பளமும் ஓய்வுக்கால நலனும் நம் சங்கக் கூட்டத்தில் பேசத்தக்க விடயங்களே.

இறுதியாக ஒன்று. கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை எரித்தபோது, பிரதான ஆசாரியரோடு வாசல்காவலாளர் மூவரும் பிடிக்கப்பட்டு ரிப்லாவில் கொல்லப்பட்டார்கள். கதவுகளும் இல்லை, காக்க வீடும் இல்லை. சுமார் ஐம்பது ஆண்டுகளின் பின் சிறையிருப்பிலிருந்து மக்கள் திரும்பினார்கள். எஸ்றாவின் பட்டியலில் வாசல்காவலாளர் 139 பேர். நெகேமியாவின் பட்டியலில் 138 பேர். அவர்கள் திரும்பிவந்த நாளில் எருசலேமில் ஆலயமே இல்லை. இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தது கி.மு. 515 அளவில்தான். இல்லாத வாசலுக்குக் காவலாளராகவே அவர்கள் தங்களைப் பதிந்துகொண்டார்கள். பிறந்த மண்ணைவிட்டு அகன்றிருந்த தலைமுறையும் தன் பொறுப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

இடம்பெயர்வு என்ற சொல்லின் பாரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரையில்லாத வகுப்பறையின் முன் மணியடித்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர்களை நம்மில் பலர் அறிவோம். கட்டடம் எழும்புவதற்கு முன் காவலாளர் வந்துவிட்டார்கள்.

அடுத்த நூற்றாண்டின் பதிவேடு இன்று திறக்கப்படுகிறது. அதில் நம் பெயரைப் பதிவோம். நம் முறை எப்போது என்று கேட்டறிவோம். நாளைக் காலையும் இந்தக் கதவு திறக்கட்டும். அதன் முன் நிற்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அவளுக்காகவும் திறக்கட்டும்.

 கர்த்தர் நம் கல்லூரியை ஆசீர்வதிப்பாராக.