முதல் ஆசிரியர் யார்?

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், கோவிலுக்கு அடுத்தாற்போல் நிற்கும் நம் தொடக்கப் பள்ளியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன். அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளும் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். சமயத்தைப் பற்றி அவர்களுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறோர் ஊரில் பள்ளித் தாளாளராக இருந்தேன். ஒரு மாலை, மூன்றாம் வகுப்பு மாணவனின் தந்தை வந்தார். இந்து உழவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாமி, உங்க சாமியைப் பத்திப் பிள்ளைக்குச் சொல்லுங்க, சந்தோசம். ஆனா நாங்க கும்புடுற மாரியாத்தாளைப் பேய்னு வகுப்புல சொன்னாங்களாம். பய திருவிழாக் கூழைத் தொட மாட்டேங்கிறான். எங்க ஆத்தா இத்தனை வருசமா பேய்க்கா கூழு ஊத்துனா?"

வகுப்பில் அவ்வாறு சொன்னவன் நான்தான். அது அவருக்கும் தெரியும். மரியாதை கருதி என்னைக் குறிப்பிடவில்லை.

அன்றிரவு, குருமடத்தில் தேர்வுக்காகப் படித்த இரண்டு ஏடுகளை மீண்டும் எடுத்தேன். இரண்டும் 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளியிடப்பட்டவை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்கிறது ஒன்று. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்கிறது மற்றொன்று. இந்த இரண்டாவதை நம் பெற்றோர்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்த உழவரும் தம் மகனுக்கு முதல் ஆசிரியர் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நாட்டின் சட்டமும் இதையே காக்கிறது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் இசைவின்றி எந்தச் சிறுபிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 28-ஆம் விதி.

ஆகவே நம் முன் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, நம் பிள்ளைகளுக்கான ஞானோபதேசம். அதை முழுமையாக, கூச்சமின்றிக் கற்பிப்போம். மற்றொன்று, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கற்பது. அதில் ஆசிரியர் "இவர்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்று சொன்னால் போதும். தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எட்டு வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் புரியாது, நோன்பு புரியும். நம் தவக்காலம், ரமலான் நோன்பு, வைகுண்ட ஏகாதசி விரதம் ஆகியவற்றில் எதை உண்பார்கள், எப்போது உண்பார்கள், ஏன் என்று பிள்ளைகளே பாட்டியிடம் கேட்டுவந்து வகுப்பில் சொல்லட்டும். சாமி கும்பிடாத பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளையும் நம்மிடம் படிக்கிறது. அந்த வீட்டிலும் நேர்மையும் இரக்கமும் உண்டு. அதற்கும் பேச ஒரு முறை வரட்டும்.

எல்லாம் ஒன்றே என்று மழுப்பவும் வேண்டாம். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் அன்னை மரியாளின் பெயரைத் தாங்கியது. இஸ்லாமியர் இயேசுவை இறைத்தூதராகப் போற்றுகிறார்கள், இறைமகனாக ஏற்பதில்லை. நாம் ஏற்கிறோம். இந்த வேற்றுமையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சண்டையின்றிக் கற்றுக்கொள்ளும்.

நம் பிள்ளையின் விசுவாசம் இதனால் ஆட்டம் காணுமோ என்று அஞ்சும் பெற்றோர்களே, வீட்டில் மாலை செபமாலையை விடாதீர்கள். அங்கே வேர் பிடித்தது இங்கே அசையாது.

மறுநாள் அந்த உழவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவருடைய தாயார் ஒரு சொம்பு மோர் கொடுத்தார். பிறகு வகுப்பில், அந்தச் சிறுவனின் முன்னிலையில், "நான் சொன்னது தவறு" என்றேன். அவன் பதில் ஏதும் சொல்லவில்லை. தன் தோழனைப் பார்த்துச் சிரித்தான்.

நம் பள்ளியில் எந்தப் பிள்ளையும் தன் பாட்டியை நினைத்து வெட்கப்படாதிருக்க இறைவன் அருள்வாராக!