வாழ்க்கை வரலாறுகளை வாசிப்போம்



சேலம் சென்று திரும்பும் நம் மஹல்லா இளைஞர்கள் முன்னேற்ற நூல்களை வாங்கி வருகின்றனர். மகிழ்ச்சியே. 'ஓதுவீராக' என்ற கட்டளையோடு தொடங்கிய வேதம் நம்முடையது. ஆயினும், சில நாட்களில் செல்வந்தராக்குவதாக வாக்களிக்கும் நூல்களை நாம் ஐயத்துடனேயே நோக்குகிறோம். அவற்றில் தவக்குலும் இல்லை, உழைப்பும் இல்லை.

இத்துறையில் தமிழுக்கு முன்னோடியானவர் தொண்டி தந்த அப்துற் றஹீம் (1922-1993). 'எண்ணமே வாழ்வு', 'வாழ்வது ஒரு கலை' ஆகியவற்றை எழுதிய கரமே 'வலிமார்கள் வரலாறு' நூலையும் எழுதியது. அறிவுரையையும், அதன்படி வாழ்ந்தோரின் வரலாற்றையும் அவர் சேர்த்தே நமக்குத் தந்தார்.

1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழிலும் வந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் 'அக்னிச் சிறகுகள்' நூலைப் படித்தோர், இராமேஸ்வரத்தில் நாளிதழ் விநியோகித்த சிறுவனை நினைவில் கொள்கின்றனர். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றி நின்றபோது, சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவியதை எத்தனை பேர் நினைக்கின்றனர்? முன்னேற்ற நூல்களுள் பல 'நீ' என்று மட்டுமே பேசும். நல்ல தன்வரலாறோ, கொடுத்தவர் பெயரையும் சொல்லும்.

காப்பித் தோட்டக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மார்கள் நம் கொட்டச்சேட்டிலும் உள்ளனர். மகனின் கல்லூரிக்காக நகை அடகுக்குப் போகிறது. மகளின் படிப்போ பள்ளியோடு நிறுத்தப்படுகிறது. இது நம் நெஞ்சை உறுத்துகிறது. நகை தந்தவளுக்கு நூல் தர வேண்டாமா?

மதரஸாவில் நூல் அலமாரி ஒன்று வைக்க நிர்வாகிகளிடம் வேண்டியுள்ளோம். அஸருக்குப் பின் ஒரு மணி நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கவும் கேட்டுள்ளோம். தங்கள் இல்லங்களில் படித்து முடித்த நூல்கள் இருப்பின் ஜும்ஆவுக்கு வரும்போது கொண்டுவாருங்கள். வஸ்ஸலாம்.